சாம்பார் மெஷின்

கொல்கத்தா வந்த முதல் வாரம். சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து சங்கு ஊதும் சத்தம். நான் திருச்சிக்காரன். எங்கள் தெருவில் சங்கு ஊதினால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். அவசரமாகச் சட்டையை மாட்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனேன். வீட்டுக்கார மாஷிமா (நம்மூர் பெரியம்மா மாதிரி) கையில் சங்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தைந்தைத் தாண்டியவர். என்னைப் பார்த்ததும், “என்ன பாபா, உடம்பு சரியில்லையா?” என்றார். வங்காளத்தில் விளக்கேற்றியதும் வீட்டுப் பெண்கள் சங்கு ஊதுவது தினப்படி வழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. ‘யார் போனது?’ என்று கேட்க வாயெடுத்தவன், ‘கொஞ்சம் சர்க்கரை இருக்குமா?’ என்று மாற்றிக் கேட்டு, அரை டம்ளர் சர்க்கரையோடு மேலேறினேன்.

என்ன ஒரு நாதம் அது! இதை ஒருநாள் பதிவுசெய்து ஒரு பாட்டாக்க வேண்டும் என்று அன்றிரவே தீர்மானித்தேன். அது 2019. பாட்டு முடிந்தது போன சரஸ்வதி பூஜைக்கு. நடுவில் இருந்த வருஷங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வங்காளிகளிடம் ‘ல்யாத்’ என்று ஒரு சொல் இருக்கிறது. சோம்பல்தான், ஆனால் குற்றவுணர்ச்சி கலக்காத சோம்பல். நாம் சோம்பலை முறிக்கிறோம், அவர்கள் சாப்பிடுகிறார்கள். தண்ணீர், டீ, சிகரெட் எல்லாவற்றையும் ‘சாப்பிடுகிற’ மொழியில் இதையும் சாப்பிடுவது நியாயம்தான். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறாய் என்று ஆபீஸ் நண்பரைக் கேட்டால் “ல்யாத் காச்சி” என்பார். ‘காச்சி’ என்றால் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’. எனக்கு அது தெரியாது. முதல் மூன்று மாதம் ல்யாத் என்பது சுக்குக் கஷாயம் மாதிரி காய்ச்சிக் குடிக்கிற ஏதோ ஒன்று, உடம்புக்கு நல்லது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை, “எங்கள் வீட்டுக்கும் ஒரு பாட்டில் கொடுங்கள்” என்றுகூடக் கேட்டுவைத்தேன். கேட்டிருக்கவே வேண்டாம். பாட்டில் இல்லாமலே வந்து சேர்ந்தது.

முதலில் லேப்டாப்பில் தொடங்கினேன். இசை செய்கிற மென்பொருளை ஏற்றினேன். அதில் டிரம் சத்தங்கள் மட்டும் ஆயிரக்கணக்கில் இருந்தன. ‘தும்’ என்று ஒரு அடி வேண்டும், அவ்வளவுதான். ஒரு ‘தும்’ கேட்பேன், நன்றாக இருக்கும். அடுத்தது இன்னும் நன்றாக இருக்குமோ என்று அடுத்ததைக் கேட்பேன். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தவன் மத்தியானம் மனைவி சாப்பிடக் கூப்பிடும்போது நானூற்றுச் சொச்சமாவது ‘தும்’மில் இருப்பேன். பெண் பார்க்கப் போன வீடுகளில் எல்லாம் பஜ்ஜி மட்டும் தின்றுவிட்டு வருகிற மாப்பிள்ளை கதை. அப்புறம் கற்றுக்கொடுக்கிற வீடியோக்கள். சாப்பிட்டபடியே பார்ப்பேன், படுத்தபடியே பார்ப்பேன். பாட்டு எழுதுவது எப்படி என்று எனக்கு இப்போது ஏழு விதமாகத் தெரியும்.

இந்த நிலையில் சிங்கப்பூரிலிருந்து வந்த மைத்துனன் ஒரு சாமானைக் கையில் கொடுத்தான். உறை கழன்று விழுந்த டிவி ரிமோட் மாதிரி இருந்தது. வெறும் சர்க்யூட் பலகை, மேலே கால்குலேட்டர் திரை, பதினாறு குட்டிப் பொத்தான், இரண்டு திருகு, முதுகில் இரண்டு சின்ன பேட்டரி. பிஓ-33 என்று பெயர். ஸ்டாக்ஹோமில் ஒரு கம்பெனி 2018இல் வெளியிட்டது. கம்பெனியின் பெயர் டீனேஜ் எஞ்சினியரிங். ஒரு தமிழ்க் குடும்பத்துக்குள் நுழைய இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. என் மாமனார் பெட்டியில் அதைப் படித்துவிட்டு, “எந்த காலேஜ்?” என்றார்.

இது ஒரு சாம்ப்ளர். அதாவது, தனக்கென்று சொந்தச் சத்தம் இல்லாத வாத்தியம். அதிலிருக்கும் மைக்கில் எதைக் காட்டுகிறீர்களோ அதை விழுங்கும். பிறகு பொத்தானை அமுக்கினால் அந்தச் சத்தத்தைச் சுருதி மாற்றி, நறுக்கி, தலைகீழாக்கித் திருப்பிக் கொடுக்கும். தும்மலைக் கொடுத்தால் தும்மலில் சரிகமபதநி வாசிக்கலாம். ஆபீஸில் இதை விளக்கினேன். எதிர் மேஜைக்காரர் கூர்ந்து கேட்டுவிட்டு, “சாம்பார்?” என்றார். “சாம்ப்ளர்” என்றேன். “ஆமாம், சாம்பார்” என்றார். தமிழன் வாயிலிருந்து ‘சாம்’ என்று தொடங்குகிற சொல் வேறெப்படி முடியும்? அன்று மாலைக்குள் மூன்று மாடிகளுக்கும் செய்தி போய்விட்டது: மதராஜி தாதாவிடம், அதாவது மதராஸ் அண்ணனிடம், ஒரு சாம்பார் மெஷின் இருக்கிறது.

மெஷின் வந்த பிறகும் பாட்டு வரவில்லை. அதில் ஒரு கடிகாரமும் அலாரமும் உண்டு என்பதை என் மனைவி கண்டுபிடித்தாள். ஆறு மாதம் அது எங்கள் வீட்டில் காலை ஐந்தரைக்கு எழுப்புகிற வேலையை மட்டும் பார்த்தது. “ஏதோ ஒண்ணுக்காவது பிரயோஜனப்படுதே” என்றாள். என்னைப் பற்றியா மெஷினைப் பற்றியா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு சௌகரியமும் இருந்தது. நமக்கு சரஸ்வதி பூஜை நவராத்திரி முடிவில், புரட்டாசி ஐப்பசியில் வரும். வங்காளிகளுக்கு வசந்த பஞ்சமியில், தை மாசியில். புத்தகத்தையும் வாத்தியத்தையும் தேவி முன்னால் வைத்துவிட்டால் தொடக்கூடாது என்பது இரண்டு ஊருக்கும் பொது. நான் கொல்கத்தாவில் வாழும் தமிழன். இரண்டு கலாச்சாரத்தையும் மதிக்க வேண்டாமா? ஆக, என் மெஷினுக்கு வருஷத்துக்கு இரண்டு பூஜை, பூஜ்யம் வாசிப்பு. அதிலும் முதல் ஆயுத பூஜையில் என் மனைவி சந்தனம் குங்குமம் வைத்ததில் நான்காம் பொத்தான் அடியில் சந்தனம் இறங்கிக் காய்ந்துவிட்டது. பல் தேய்க்கும் பிரஷ், ஊக்கு எல்லாம் போட்டுத் தோண்டியும் அந்தப் பொத்தானுக்கு மட்டும் இன்றுவரை இரண்டு அமுக்கு வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் இப்படி உட்கார்ந்திருப்பதில் ஒரு தனி வெட்கம் உண்டு. நான் குடியிருப்பது லேக் மார்க்கெட் பக்கம். தமிழர்கள் தலைமுறைகளாக இட்லி மாவும் வெற்றிலையும் வாங்குகிற பேட்டை. அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் சவுத் எண்ட் பார்க், இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மனின் வீடு இருந்த தெரு. மகன் ஆர்.டி. பர்மன் சிறுவயதில் வளர்ந்ததும் அங்கேதான். சாம்ப்ளர் என்ற சொல்லே புழங்காத காலத்தில் அந்த மகன் கண்ணாடி டம்ளரில் கரண்டி தட்டும் சத்தத்தோடு 1973இல் ஒரு பாட்டைத் தொடங்கினார். காலி பாட்டில் வாயில் ஊதிய சத்தத்தை ‘ஷோலே’ பாட்டுக்குள் கொண்டுவந்தார். டம்ளர், கரண்டி, பாட்டில் மூன்றும் எங்கள் வீட்டிலும் இருக்கின்றன. நான் அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வைப்பதோடு சரி.

எனக்கு விமோசனம் சந்தா ரூபத்தில் வந்தது. தை பிறந்ததும் தெரு க்ளப் பையன்கள் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். சரஸ்வதி பூஜை, பந்தல், மாலையில் ஃபங்ஷன். பணத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். அதில் ஒருவன், “தாதா, உங்களிடம் ஏதோ சாம்பார் மெஷின் இருக்கிறதாமே, ஒரு ஐட்டம் கொடுங்களேன்” என்றான். நான் சிரித்தேன். வங்காளத்தில் சிரித்தால் சம்மதம் என்று அர்த்தமாம். இரண்டு நாள் கழித்துத் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் தொங்கியது. ஏழு வயதுக் குழந்தையின் ரவீந்திரர் கவிதை ஒப்பித்தலுக்கும் செயலாளரின் நன்றியுரைக்கும் நடுவில் என் நிகழ்ச்சி. அன்றிலிருந்து பூஜைக்குப் பதினொரு நாள்.

ல்யாத் அன்றைக்கே போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். முதல் மூன்று நாள் ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. நான்காம் நாள் மெஷினின் குறிப்புத்தாளை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். அதில் ஒரு வரி: மொத்த நினைவகம் 40 விநாடி. பாட்டுக்கு நாற்பது அல்ல. அதற்குள் இருக்கக்கூடிய எல்லாச் சத்தங்களுக்கும் சேர்த்து நாற்பது.

இதைப் படித்ததும் வந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்! நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஆயிரம் ‘தும்’ கொடுத்தால் எனக்குத் தலை சுற்றும். நாற்பது விநாடியைக் கொடுத்து அதற்குள் குடும்பம் நடத்து என்றால், அது எனக்குத் தெரிந்த வேலை. மாதக் கடைசியில் செய்வதுதானே!

நாற்பதே தாராளம் என்பது அப்புறம் தெரிந்தது. 1979இல் ஆஸ்திரேலியாவில் ஃபேர்லைட் என்ற சாம்ப்ளர் வந்தபோது அதன் விலையில் வீடு வாங்கலாம். 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற பெட்டியை வைத்துத்தான் நியூயார்க் பையன்கள் ஹிப்-ஹாப்பின் பொற்காலத்தையே உண்டாக்கினார்கள். அதன் மொத்த நினைவகம் பத்து விநாடி. அந்தப் பத்தில் அதிகம் அடைக்க அவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். 33 வேகத்தில் சுற்ற வேண்டிய இசைத்தட்டை 45இல் ஓடவிட்டுப் பதிவுசெய்வது, பிறகு மெஷினுக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவது. அதில் சத்தம் கொஞ்சம் சொரசொரப்பாகிவிடும். அந்தச் சொரசொரப்பையே பின்னாளில் அழகு என்று கொண்டாடினார்கள். பழையதைத் தாளித்து விருந்தாக்குகிற வீட்டில் பிறந்தவனுக்கு இது புரியாதா என்ன?

ஒரு பழைய லெட்ஜரை எடுத்துப் பட்ஜெட் போட்டேன். சங்கு நான்கு விநாடி என்று எழுதிக்கொண்டு மாஷிமாவிடம் போனேன். அவர் மூச்சைப் பிடித்து ஒன்பது விநாடி ஊதினார். “நாலு போதும் மாஷிமா” என்றேன். “பாதியில் நிறுத்தினால் லட்சுமி பாதிப் படியில் திரும்பிப் போய்விடுவாள், உனக்குச் சம்மதமா?” என்றார். ஒன்பது என்று திருத்தி எழுதினேன். லெட்ஜரில் ஒரு மூதாட்டிக்காக நான் செய்த முதல் திருத்தம். மனைவி தன் பங்குக்குக் குக்கர் விசில் நான்கு விநாடி, கடுகு வெடிக்கிற தாளிப்பு மூன்று விநாடி தந்தாள். “சாம்பார் மெஷின்னு பேர் வாங்கிட்டு தாளிக்காம எப்படிங்க?”

அடுத்தது ஷில் ஆசாமி. கொல்கத்தா வந்த நாளாய் மத்தியானத் தூக்கத்தில் கேட்கிற குரல்: “ஷீ...ல் காட்டாஓ!” ஷில் என்றால் அம்மி. அம்மி கொத்துகிறவர்தான். நான் சின்ன வயதில் திருச்சியில் கேட்ட ‘அம்மி கொத்தலையோ’வும் இதுவும் ராகத்தில் அக்கா தங்கை, கடைசி எழுத்தை இழுத்து மேலே தூக்கிவிடுகிற அதே பிடி. அவரை மறித்து, மெஷினை நீட்டி, ஒருமுறை கூப்பிடுங்கள் என்றேன். மனிதர் வெட்கப்பட்டுவிட்டார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, தாசில்தாரிடம் மனு கொடுக்கிற குரலில், “ஷில் காட்டாஓ” என்றார். மூன்று முறை முயன்றும் மனுதான் வந்தது. கடைசியில் தெருமுனைக்குத் திருப்பி அனுப்பி, என்னை மறந்துவிட்டு நடந்து வாருங்கள் என்று கெஞ்சி, நான் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆறு விநாடி, அப்பழுக்கில்லாமல் விழுந்தது.

உளிச் சத்தமும் வேண்டும் என்றேன். கொத்த அம்மி எங்கே என்றார். எங்கள் அம்மி திருச்சியில், வீட்டில் மிக்சி. மிக்சியைக் கொத்த முடியாது. மாஷிமாவின் அம்மியை இரவல் வாங்கி, கூலி நான் கொடுத்து, கொத்தச் சொன்னேன். குந்தி உட்கார்ந்தாரே தவிர, அதற்குப் பிறகு அவர் எங்களைப் பார்க்கவில்லை. டிக், டிக், டிக் என்று மெட்ரோனோம் தோற்கும் காலப்பிரமாணம். சின்ன வயதில் மிருதங்கம் கற்று ஆதி தாளத்தோடு கைவிட்டவன் நான். என் குருநாதர் என்னிடம் எதிர்பார்த்துக் கிடைக்காமல் போனது இதுதான். கல்லின் ஓரத்தில் வழக்கப்படி ஒரு மீனையும் செதுக்கினார். எனக்கு இரண்டு விநாடி உளிச்சத்தம், மாஷிமாவுக்கு மீன் போட்ட புது அம்மி.

பஸ் சத்தத்துக்குச் சிரமமே இல்லை. கொல்கத்தா தனியார் பஸ் கண்டக்டர் நடமாடும் தாளவாத்தியக் கச்சேரி. விரலிடுக்கில் டிக்கெட் கட்டை நகத்தால் ‘சர்ர்ர்’ என்று சீவுவார், ஒரு விநாடி. பலகை உடம்பை இரண்டு தட்டுத் தட்டி, “ஆஸ்தே லேடிஸ், கோலே பாச்சா!” என்று டிரைவருக்குக் கத்துவார். மெதுவாகப் போ, பெண் இறங்குகிறாள், இடுப்பில் குழந்தை என்று பொருள். சில சமயம் பெண்ணும் இருக்கமாட்டாள், குழந்தையும் இருக்காது. ஐந்து விநாடி. இதை மெஷினின் டிரம் பக்கத்தில் போட்டால் அதுவே நறுக்கிப் பொத்தான்களில் வரிசையாக வைத்துவிடுகிறது. ‘லே’ ஒரு பொத்தான், ‘பா’ ஒரு பொத்தான், தட்டு ஒரு பொத்தான். ‘பா-பா-லே-தட்டு’ என்று வாசித்தபோது என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கைத்தட்டலாக எடுத்துக்கொண்டேன்.

டிராம் விஷயத்தில்தான் ல்யாத் என்னை நிஜமாகவே தண்டித்தது. 1873இல் குதிரை இழுத்து ஓடத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய வண்டி. எங்கள் ராஷ்பிஹாரி அவென்யூ வழியாகத்தான் பாலிகஞ்ச்–டாலிகஞ்ச் டிராம் போகும். ராஷ்பிஹாரி முனையில் திரும்பும்போது சக்கரமும் தண்டவாளமும் உரசி ஒரு ‘க்றீ...ச்’ எழும். கேட்கும்போதெல்லாம், நாளைக்கு வந்து பதிவுசெய்துகொள்ளலாம், ஒன்றரை நூற்றாண்டாக ஓடுகிற வண்டி எங்கே போய்விடப் போகிறது என்று நினைப்பேன். போய்விட்டது. எங்கள் பக்கம் ஓடுவது நின்றது. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேட்–மைதான் தடம் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தப்போவதாக மாநில அரசே அறிவித்தது. நான் மெஷினோடு இறங்கியபோது முனையில் தண்டவாளம் மட்டும் கிடந்தது. அதன்மேல் ஒரு ஆரஞ்சுப் பழ வண்டி நின்றது.

ஞாயிறு காலை எஸ்பிளனேட் போய், டிரைவர் காலால் மிதிக்கிற மணியை மட்டும் வாங்கி வந்தேன். மூன்று விநாடி. இதில் ஒரு பழைய வித்தை செய்து பார்த்தேன். பாரிஸ் வானொலியில் வேலை பார்த்த பியர் ஷேஃபர் என்ற பொறியாளர் 1948இல் ரயில் நிலையத்துக்குப் போய் வண்டிச் சத்தங்களைப் பதிவுசெய்து, இசைத்தட்டுகளைக் கொண்டே தொகுத்து ஓர் இசையாக்கினார். சத்தத்தைத் துண்டுபோட்டு இசை செய்கிற எங்கள் குலத்துக்கு அவர் தொல்காப்பியர் மாதிரி. மணியோசையின் தொடக்கத்திலிருக்கும் அடியை வெட்டிவிட்டால் மிச்சமிருப்பது மணியாகவே கேட்காது என்பது அவர் கண்டது. என் மெஷினில் இடது திருகைத் திருப்பினால் தொடக்கம் நகரும். ஒரு நூலளவு திருப்பினேன், ‘டங்’கில் ‘ட’ போயிற்று. இன்னும் கொஞ்சம். மணி காணாமல் போய், மெலிசாக, முடிவில்லாமல், நாயனக்காரருக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதுவாரே ஒருவர், அந்தச் சத்தம் வந்தது. எஸ்பிளனேட் டிராமுக்குள் திருவாவடுதுறை உட்கார்ந்திருந்தது. அன்றிரவு இரண்டு மணிவரை நான் தூங்கவில்லை. பல வருஷங்களில் இசைக்காக விழித்த முதல் இரவு.

கடைசியாக என் வாயால் சொன்ன ‘தா தி’ இரண்டு விநாடி. கூட்டிப் பாருங்கள்: முப்பத்தைந்து. ஐந்து விநாடி மிச்சம்.

பூஜை மாலை. பந்தல் ஸ்பீக்கர் என் தலையைவிடப் பெரிது, மெஷின் என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. ஒத்தாக டிராம், மேலே சங்கு, உளி காலப்பிரமாணம், கண்டக்டர் தனி ஆவர்த்தனம், நடுவில் கடுகு. நான்காம் பொத்தானை மறக்காமல் இரண்டு முறை அமுக்கினேன். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. முடித்துவிட்டுத் தலை நிமிர்ந்தேன். பந்தலில் அமைதி. செயலாளர் மைக்குக்கு வந்து, “சவுண்ட் செக் சரியாக இருக்கிறது தாதா. நீங்கள் ஆரம்பிக்கலாம்” என்றார்.

வேறு வழியில்லாமல் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். இந்த முறை ‘கோலே பாச்சா’ வந்ததும் பின்வரிசை சிரித்தது. ‘ஷீ...ல்’ வந்தபோது ஒரு பாட்டி தெருவைத் திரும்பிப் பார்த்தார். குழந்தைகள் எழுந்து ஆடின. அவை நன்றியுரைக்கும் ஆடின என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாஷிமாவிடம் அபிப்பிராயம் கேட்டேன். அவர் பார்த்து வளர்ந்தது சத்யஜித் ராயை. 1969இல் ராய் எடுத்த ‘கூபி காயின் பாகா பாயின்’ படத்தின் பேய் நடனத்துக்குப் பின்னணி நம்மூர் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங். பேய்களின் ராஜா பேசுகிற குரல் ராயின் சொந்தக் குரல், டேப்பில் மாற்றியது. மாஷிமா யோசித்துவிட்டுச் சொன்னார்: “சத்யஜித் பாபுவின் பேய்கள் இதைவிட நன்றாக ஆடின. ஆனால் உன் சங்கு நன்றாக இருந்தது.”

இரண்டாவது பாட்டு தொடங்கியாகிவிட்டது. ஒரு வேண்டுகோள். ராஷ்பிஹாரி முனையில் டிராம் திரும்பும் அந்தக் ‘க்றீ...ச்’ யாருடைய பழைய போனிலாவது, கல்யாண வீடியோவிலாவது பின்னணியில் இருந்தால் கொடுத்து உதவுங்கள். மூன்று விநாடி போதும். ஐந்து விநாடி காலியாக வைத்திருக்கிறேன்.